தீர்த்தத்தில் உப்பு

மரக்காணம்
18.1.74, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை தையல்நாயகி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், வெள்ளாடு எல்லாரும் இருக்கிறோம். நீயும் பாப்பாவும் நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ இருக்கும் இடத்தில் யாரை வேண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று உன் கடிதம் கிடைத்தது. தையல் வகுப்பு முடிந்ததும் லட்சுமியம்மாள் டீச்சர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து அதை எடுத்தார். "இங்கியே படிச்சிட்டு இங்கியே வெச்சிட்டுப் போ. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவாத" என்றார். நான்கு தடவை படித்தேன். பெண் குழந்தை என்று எழுதியிருக்கிறாய், யார் சாயல் என்று எழுதவில்லையே.

உறையின் மேல் உன் புதுப் பேரை, சகாயமேரி என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்து, அடித்துவிட்டேன். யாரோ ஒரு டீச்சருக்கு லீவு லெட்டர் எழுதுவது போல இருக்கிறது. உறையில் அப்படியே எழுதுகிறேன். உள்ளே அக்கா என்றுதான் எழுதுவேன்.

வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போ என்கிறாய். என்னால் முடியாது அக்கா. நீ ராஜாங்கம் மாமாவின் லாரியில் ஏறிப் போன மறுநாள் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா கடலுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்து நடு வீட்டில் நின்றார். "அவ ஊட்டு வாசப்படிய எவ மிதிக்கிறாளோ அவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். அம்மாவைப் பார்த்து ஒரு தடவை சொன்னார். என்னைப் பார்த்து ஒரு தடவை சொன்னார். அப்புறம் இந்த ஒன்றரை வருஷத்தில் உன் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்கு வேறு வாசப்படி இல்லை, அக்கா.

அப்பா வெளியே இருமுகிறார். விளக்கை ஊதுகிறேன்.

உன் தங்கை,
தையல்நாயகி

(உன் வீட்டுக்காரரை மாமா என்று எழுதிவிட்டேன். எழுதலாம்தானே?)


கிளியனூர்
24.1.74

என் கண்ணு தையலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கையெழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது! முன்பெல்லாம் வரப்பு மேல் ஓடும் நண்டு மாதிரி கோணிக்கொண்டு போகும். மாமா என்று தாராளமாக எழுதலாம். படித்துக் காட்டினேன். வெளியே போய் லாரியைத் துடைக்கிற மாதிரி வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

பாப்பா அம்மா சாயல். கோபம் மட்டும் அப்பா.

அப்பா சொன்னதை நீ எழுதிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்பாவை நமக்குத் தெரியாதா? உப்பு அளக்கிற கை அது. மரக்காலுக்கு மேல் ஒரு கல் கூட விழாது, குறையவும் குறையாது. வார்த்தையும் அப்படித்தான். என் வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்னாரா?

வருகிற பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிப் பூசையில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். இங்கே ஊர்க்கோடியில் மாதா கோயில் இருக்கிறது. கோயில் என் வீடு இல்லை, தையலு. அதன் வாசப்படி என் வாசப்படி இல்லை. நீ கோயிலுக்கு வா. அப்பாவின் வார்த்தையில் ஒரு கல் கூடச் சிந்த வேண்டாம்.

திண்டிவனம் போய்ப் பாண்டி பஸ் ஏறினால் கிளியனூர். கூரை மேல் வெள்ளைச் சிலுவை ரோட்டிலிருந்தே தெரியும்.

வரமாட்டேன் என்றாலும் எழுது.

அக்கா
வேலம்மாள்


மரக்காணம்
29.1.74, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டீச்சரின் பொத்தான் டப்பாவிலேயே வைத்துவிட்டேன். ஆனால் மனப்பாடம் ஆகிவிட்டது.

எனக்கு வர ஆசை. பயமும் இருக்கிறது. அப்பாவிடம் உள்ள பயம் ஒரு பக்கம். அந்தக் கோயிலிடம் உள்ள பயம் இன்னொரு பக்கம். என் வகுப்பில் அருக்காணி என்று ஒருத்தி இருக்கிறாள். பேர் சொல்லாமல், 'மாதா கோயிலுக்குள்ளே என்ன நடக்கும்' என்று மட்டும் கேட்டேன். அவள் பார்த்த மாதிரியே சொல்கிறாள். உள்ளே போனதும் தண்ணீர் தெளித்து வேறு பேர் வைத்துவிடுவார்களாம், அப்புறம் நாம் அழித்தாலும் அந்தப் பேர் போகாதாம். வெள்ளையாக ஒரு சின்ன அப்பளம் கொடுப்பார்களாம், அதை விழுங்கினால் நம் வீட்டுச் சாமியெல்லாம் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுமாம். எல்லாரையும் முழங்கால் போடச் சொல்வார்களாம். நம் கணக்கு வாத்தியார் போலவா?

நீ சிரிப்பாய். ஆனால் இந்தப் பயத்தை முதலில் எனக்குச் சொன்னது யார்? நினைவிருக்கிறதா, நான் ஒன்றாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் ராத்திரி நீயும் நானும் நம் ஊர் மாதா கோயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடிலைப் பார்த்தோம். நீ என்னை இடுப்பில் தூக்கிவைத்திருந்தாய். வைக்கோலுக்குள் மாடு, கழுதை, ஆட்டுக்குட்டி. நம் வீட்டு வெள்ளாடு மாதிரியே ஒன்று. கிட்டே பார்க்க வேண்டும் என்று நான் இறங்கி வாசலுக்கு ஓடினேன். நீ ஓடி வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தாய். "உள்ள போனா மாத்திடுவாங்கடி" என்றாய். திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். வரப்பில் உட்கார வைத்து முந்தானையில் முடிந்திருந்த பொரிவிளங்காய் உருண்டையை உடைத்துக் கொடுத்தாய். அந்த ஜன்னலில் சாம்பிராணி வாசனை அடித்தது. இப்போதும் எங்கேயாவது சாம்பிராணி அடித்தால் எனக்கு நீதான் ஞாபகம்.

எனவே நீயே பதில் சொல். பொட்டை அழிக்க வேண்டுமா? பூ வைக்கலாமா? எங்கே நிற்பது, எப்போது கும்பிடுவது? யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது? தப்பாக ஏதாவது செய்தால் அடிப்பார்களா, வெளியே அனுப்புவார்களா?

எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே.

உன் தங்கை,
தையல்நாயகி


கிளியனூர்
4.2.74

என் கண்ணு தையலுக்கு,

அன்றைக்கு உன் பின்னலை இழுத்தவள் நான்தான். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன். பாப்பா தூங்குகிறாள்.

முதல் தடவை நான் உள்ளே போனபோது எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மாமாவுக்கு, பிறந்ததிலிருந்து போகிற இடம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கோயில் என்றால் சுற்றி வர வேண்டும், அதுதானே நமக்குத் தெரியும்? நேராக முன்னால் போய்ப் பீடத்தை இடப்பக்கமிருந்து சுற்றி, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னால் சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். தலை உள்ளேயே இருந்தது. கை மட்டும் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் அலறி, அவர் அலறி, கோயில் முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. மூன்று சுற்று சுற்ற இருந்தேன், அரைச் சுற்றோடு நின்றது. யாரும் அடிக்கவில்லை. அந்தோணியம்மாள் என்று ஒரு பெரியம்மா வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர்தான் ஞானஸ்நானத்தில் பாப்பாவுக்கு ஞானத்தாயாக நிற்கப்போகிறவர்.

செருப்பை வெளியே விட வேண்டும், நம் கோயில் போலவே. பொட்டு இருக்கட்டும், பூ இருக்கட்டும். இங்கே பாதிப் பெண்கள் பூ வைத்துக்கொண்டுதான் வருவார்கள். தாவணித் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கொள். உள்ளே போனால் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். தரையில் பாய் விரித்திருக்கும். கடைசிப் பாயில், தூண் ஓரமாக உட்கார். அங்கிருந்தால் எல்லாரும் தெரிவார்கள், உன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மணி அடித்ததும் எல்லாரும் எழுவார்கள். நீயும் எழு. பாட்டு வரும். தெரியாவிட்டால் சும்மா நில், வாயசைக்க வேண்டாம். பிறகு உட்கார்வார்கள், எழுவார்கள், மறுபடி உட்கார்வார்கள். எனக்கு முதல் மாதம் முழுவதும் உப்பு வாரியது போல் இடுப்பு வலித்தது. முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும், அரை நொடி தாமதமானால் குற்றமில்லை. முழங்கால் போடுவது தண்டனை இல்லை. சாமியாரும் போடுவார். உனக்கு வேண்டாமென்றால் உட்கார்ந்தே இரு.

நடுவில் சாமியார் நெடுநேரம் பேசுவார். அது பிரசங்கம். ஆண்கள் பக்கம் இரண்டு பேர் தூங்குவார்கள். ஒருவர் உன் மாமா. ஒரு தட்டு வரும். போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிக் கும்பிடுவார்கள். உன்னையும் கும்பிடுவார்கள். பயப்படாதே, திருப்பிக் கும்பிடு. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கும்பிட்டது அங்கேதான் முதல் தடவை. அன்று அழுதுவிட்டேன்.

அருக்காணி சொன்ன அப்பளம், அதற்கு நன்மை என்று பேர். வரிசையாகப் போய் வாங்குவார்கள். அந்த வரிசையில் மட்டும் நீ போகாதே. யாராவது 'வா' என்று பார்த்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே இரு. அது படித்து, தயாராகி வாங்குவது. கேட்காதவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கேட்காதவருக்குப் பேரும் வைக்க மாட்டார்கள். தண்ணீர் ஊற்றுவது பாப்பாவுக்கு மட்டும். எனக்கு ஊற்றும் முன்பு ஏழு மாதம் பாடம் நடத்தினார்கள், தெரியுமா?

யார் என்று கேட்டால், சகாயமேரி தங்கச்சி என்று சொல். அந்த ஒரு பேருக்கு அங்கே எல்லாரும் இடம் விடுவார்கள்.

எல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்கா
வேலம்மாள்


மரக்காணம்
10.2.74, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் கட்டுரைப் போட்டி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. அப்பா "என்னா தலைப்பு?" என்று கேட்டார். நான் தயாராக இல்லை. "கடல் தரும் செல்வம்" என்றேன். "அப்ப உப்பப் பத்தி எழுதாம வந்துடாத" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அக்கா. அவர் சிரித்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
தையல்நாயகி


மரக்காணம்
18.2.74, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்துவிட்டேன். நீ கவலைப்பட்டுக்கொண்டே பஸ் மறையும்வரை நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

நீ பாப்பாவோடு முன்வரிசையில் இருந்தாய். ஆகவே நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். செருப்பை விட்டேன். முக்காடு போட்டேன். வாசல் நிலை ஓரமாகச் சுவரில் ஒரு கல் தொட்டி இருந்தது, சின்னதாக, உள்ளங்கை அகலத்தில். அதில் தண்ணீர். அதைப் பற்றி நீ எழுதவே இல்லை! எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அதில் கையை வைத்தார்கள். நான் தீர்த்தம் என்று நினைத்தேன். கோயில் வாசலில் கையில் விழுகிற தண்ணீர் வேறு என்ன? உள்ளங்கையைக் குவித்து மொண்டு, மூன்று தடவை உறிஞ்சிக் குடித்து, மீதியைத் தலையில் தடவிக்கொண்டேன். நிமிர்ந்தால் ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விரல் நுனியை மட்டும் நனைத்து நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் வைத்துக் காட்டினாள். இப்போது கூப்பிட்டு வேறு பேர் வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் அக்கா, அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தது. இலேசாகத்தான், நாக்கின் ஓரத்தில். சின்ன வயதில் நீ உப்புப் பாத்தி ஓரத்தில் என்னை உட்கார வைத்து, விரலைத் தண்ணீரில் தொட்டு என் நாக்கில் வைத்து, "உப்பு பழுத்துடுச்சா சொல்லு" என்று கேட்பாயே, அந்த ருசி. அந்த நிமிஷத்தில் பயம் போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை. நம் வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போய்த் தூண் ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீரில் உப்பு எப்படி வந்தது? உன்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்து, பாப்பாவைக் கையில் வாங்கியதும் மறந்துவிட்டேன். தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவள் போட்ட சத்தம்! ஆரோக்கியமேரி என்று சாமியார் சொன்னார். நீ சொன்னது சரி, கோபம் அப்பாவுடையதுதான். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் என்னைத் திரும்பிக் கும்பிட்டார். நான் திருப்பிக் கும்பிட்டேன். அழுதேன் என்று நீ எழுதினாய். நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

மாமா சோற்றை வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தது எனக்கு மறக்காது. உன் வீடு எதிரே இருபது அடியில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, உள்ளே தொட்டில் கூடத் தெரிகிறது. நான் இந்தப் பக்கம் மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டேன். நீ "போதுமா, இன்னும் கொஞ்சம்" என்று உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தாய்.

பாப்பாவுக்கு நான் கட்டிவிட்ட வசம்பு வளையலைப் பற்றிக் கேட்டாய். அங்கே எல்லார் முன்னாலும் சொல்ல முடியவில்லை. நான் வாங்கவில்லை. கிளம்பும்போது அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் திறந்தேன். துணிக்குள்ளே வசம்பு வளையல், கறுப்புக் கயிற்றில் கோத்தது. கட்டுரைப் போட்டிக்கு வசம்பு எதற்கு? திரும்பி வந்ததும் அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. "சாப்டியா?" என்றார். "சாப்பிட்டேம்மா" என்றேன். "வயிறு நெறைஞ்சி சாப்டியா?" என்று மறுபடி கேட்டுவிட்டு ஆட்டைக் கட்டப் போய்விட்டார்.

ஒரு விஷயம். திரும்பும் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் உப்புத் தரகர் பக்தவச்சலம் போல இருந்தார். முதுகுதான் தெரிந்தது. அவராக இருக்காது.

உன் தங்கை,
தையல்நாயகி


கிளியனூர்
24.2.74

என் கண்ணு தையலுக்கு,

தொட்டியை மறந்தேபோனேன்! தினமும் விரலை வைத்து வைத்து அது கண்ணில் படுவதே இல்லை. உன் கடிதத்தை அந்தோணியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். "குடிச்சா என்ன, வயித்துக்கும் ஆசீர்வாதம்தான்" என்றாராம். பீடத்தின் பின்னால் என்னைப் பார்த்து அலறினாரே, அதே சாமியார்.

உப்பு கேட்டாயே. இந்தச் சாமியார் பழைய காலத்து ஆள். தண்ணீரை மந்திரிக்கும்போது ஒரு கை உப்பை அள்ளி, ஜெபம் சொல்லி, அதில் போடுவார். கெட்டுப்போகாமல் காக்க என்று அர்த்தமாம். நான் முதலில் அதைப் பார்த்தபோது, நம் வீட்டு ஆள் ஒருவர் எனக்கு முன்பே வந்து இந்தக் கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெளியே சொல்லவில்லை. நீ எழுதியதும் சொல்கிறேன்.

இந்த மாதம் வந்துவிட்டாலே எனக்கு உள்ளங்கால் அரிக்கும். பாத்தி பழுத்திருக்குமே. அதிகாலையில் வெள்ளைப் பாலாடை போலப் படர்ந்து, காற்றில் ஓரம் ஓரமாக ஒதுங்குமே. முதல் உப்பு வாரல் அன்று அப்பா முதல் மரக்கால் மாரியம்மனுக்கு அளந்து, பிறகு வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு என்று ஆளுக்கு ஒரு மரக்கால் புதுத் துணியில் கட்டுவார். என் மூட்டை பெரிது, உன்னுடையது சிறிது என்று நீ ஒரு வருஷம் சண்டை போட்டு, அப்பா இரண்டையும் அவிழ்த்துத் திரும்ப அளந்தார். நான் இல்லாத போன வருஷம் எத்தனை கட்டினார் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

வருகிற புதன்கிழமை இங்கே எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசுவார்கள். அருக்காணியிடம் சொல், நம்ப மாட்டாள்.

பக்தவச்சலமாக இருக்காது. ஆனால் உடனே பதில் எழுது.

அக்கா
வேலம்மாள்


மரக்காணம்
3.3.74, இரவு

அக்கா,

பக்தவச்சலம்தான்.

இன்று டீக்கடையில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். "தட்சணாமூர்த்தி, ஒம் பொண்ணு கிளியனூர்ல பஸ் ஏறுச்சே, கட்டுரைப் போட்டிய அங்க மாத்திட்டாங்களா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டாராம். அப்பா வந்ததும் கையைக் கூடக் கழுவவில்லை. என்னைப் பார்த்தார். "பரிசு என்னா குடுத்தாங்க?" என்றார். அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். அப்பா வேறு ஒன்றும் கேட்கவில்லை. "நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் வேணாம். காலைல உப்பளத்துக்கு வா" என்றார்.

நான் உன் வாசப்படியை மிதிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவர் கேட்க வேண்டும். அவர் கேட்காமலே இருந்துவிட்டால்?

இதை எப்படித் தபாலில் போடுவேன் என்று தெரியவில்லை. டீச்சரையும் பார்க்க முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். உன்னோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

தையல்


கிளியனூர்
12.3.74

தையலு,

இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று, பதில் இல்லை. நீ பள்ளிக்கூடம் வரவில்லை என்று டீச்சர் ஒரு வரி கார்டு போட்டிருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

என்னால்தானே? கூப்பிட்டிருக்கவே கூடாது. உன் படிப்பு கெட்டால் நான் எந்தக் கோயிலில் போய் முழங்கால் போடுவது? மாமா லாரியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று பிடித்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதமும் பொத்தான் டப்பாவிலேயே கிடக்கும் என்று தெரியும். இருந்தாலும் போடுகிறேன்.

அக்கா


மரக்காணம்
17.3.74

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாம் தேதி எழுதியதையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி, பயப்படாதே, பிறகு இதைப் படி.

பத்து நாள் அப்பாவோடு உப்பளத்தில் இருந்தேன். வரப்பு மிதித்தேன், தண்ணீர் கட்டினேன். அப்பா வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோராம் நாள் முதல் வாரல். அப்பா வாருபலகையை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ வாசப்படிய மிதிச்சியா?"

"இல்லப்பா. கோயிலுக்குத்தான் போனேன். சோறு கூட மரத்தடியிலதான் சாப்ட்டேன்."

"கோயிலுக்குள்ள உன்ன என்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. நான்தான் தப்பு பண்ணிட்டேன். வாசல்ல இருந்த தண்ணிய தீர்த்தம்னு குடிச்சிட்டேன்."

பலகை நின்றது. அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்ணீர் கரித்தது, சாமியார் ஒரு கை உப்பு போடுவது, கெட்டுப்போகாமல் காக்க என்று நீ எழுதியது. வசம்பு வளையலை மட்டும் சொல்லவில்லை. அப்பா ஒரு முழுப் பாத்தியை வாரி முடித்தார். கரையில் குவித்தார். குவியலைப் பலகையால் தட்டித் தட்டிச் சரி செய்தார். பிறகு கேட்டார்.

"எந்த ஊரு உப்பு?"

"தெரியலப்பா."

"கேக்கலியா?"

"இல்லப்பா."

"கடை உப்பாத்தான் இருக்கும்" என்றார். முகம் சுருங்கிவிட்டது. "மண்ணும் தூசுமா இருக்கும். அதப் போயி சாமித் தண்ணில போடறானுங்க."

சாயங்காலம் மரக்காலைக் கழுவினார். முதல் மரக்கால் மாரியம்மனுக்கு. பிறகு எனக்கு. போன வருஷம் அதோடு மரக்காலைக் கவிழ்த்து வைத்தார், நீ சொல்லாதே என்றாய், சொல்கிறேன். இந்த வருஷம் கவிழ்க்கவில்லை. இன்னொரு துணி எடுத்து வரச் சொன்னார். அம்மா அதை இடுப்பிலேயே வைத்திருந்தார், அக்கா. எடுத்து வர உள்ளே போகக்கூட இல்லை. அப்பா அளந்தார். தட்டி அளந்தார். முடிச்சுப் போட்டார். பாண்டி போகிற லாரியில் கொடுத்துவிட அட்டை எழுதச் சொன்னார்.

"என்னா பேர் எழுதறதுப்பா?"

வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "லாரிக்காரன் விசாரிச்சா ஊடு தெரியணும் இல்ல? அங்க என்னா பேரு சொல்றாங்களோ அதையே எழுது."

அவர் முன்னாலேயே உட்கார்ந்து சகாயமேரி என்று எழுதினேன். என் பேனா வழுக்கவே இல்லை.

ஒரு கை கோயிலுக்கு, மீதி உனக்கு என்று எழுதி மூட்டையோடு வைக்கச் சொன்னார். கடை உப்பு வேண்டாமாம். நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகலாமாம். பொய் சொன்னதற்காக ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பு சுமக்க வேண்டும், அது தீர்ப்பு.

சித்திரை வரைக்கும் உப்பு வார ஆள் பத்தவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தார். பிறகு "அதையும் எழுது" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்பா, வாசப்படி..." என்றேன். அவர் மரக்காலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். "உப்பளத்துக்கு ஏது வாசப்படி?" என்றார்.

மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நீ வந்து வெகு நாளாயிற்று, மறந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். ஊருக்குள் வராமல் மேற்கு வரப்பு வழியாக வா. செருப்பை வரப்பு முனையில் விடு. முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொள், பாப்பாவுக்கு வெயில் ஆகாது. அப்பா நிமிர்ந்து பார்க்க மாட்டார், நீ பாட்டுக்கு ஒரு பலகையை எடுத்துக்கொண்டு இறங்கு. முன்னால் வாருகிறவரைப் பார்த்துச் செய்தால் போதும். புதிய வேலையாட்கள் நிறையப் பேர். யார் என்று கேட்டால், தட்சணாமூர்த்தி பொண்ணு என்று சொல்.

எல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உன் தங்கை,
தையல்நாயகி